போய் எடுத்துட்டு வா... அப்புறம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி பற்றியவை, அதாவது ஒரு பாத்திரமாக மாறிப் பெரிய உலகத்தில் இஷ்டம்போலச் சுற்றும் கேம்கள். அதனால் கிராபிக்ஸ் கார்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வழக்கம்போல எழுதியவர்கள் பெயர் இல்லை, ஊர் மட்டும்.

கோயம்புத்தூர்: அண்ணா, தீபாவளித் தள்ளுபடியில் ஸ்கைரிம் வாங்கினேன். எண்பது மணி நேரம் ஆடியாகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் ஒரே வேலைதான். குகைக்குப் போ, உள்ளே இருப்பவனை அடி, பெட்டியில் இருப்பதை எடுத்து வா. மலையும் பனியும் அவ்வளவு அழகு, வேலை மட்டும் சப்பென்று இருக்கிறது. எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா, இல்லை இந்த வகை கேம் எல்லாமே இப்படித்தானா?

தம்பி, உங்கள் ரசனையில் கோளாறு இல்லை. ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தது. நான் அடுத்த வருஷம் ஆடினேன். வைட்ரன் ஊரில் கம்பேனியன்ஸ் என்று ஒரு வீரர் கூட்டம் இருக்கிறதே, அதில் சேர்ந்து முக்கியமான வேலை ஆறு முடிப்பதற்குள் நானே அவர்களுக்குத் தலைவன் ஆகிவிட்டேன். சரி, இனி நாலு பேரை நாம் ஏவலாம் என்று கூட்டத்து ஆள் ஃபர்காஸ் முன்னால் போய் நின்றால், இன்ன ஊரில் ஒருத்தன் வம்பு பண்ணுகிறான், போய் நாலு குத்து விட்டு வா என்று தலைவனையே அனுப்புகிறான். வின்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரி அதற்கும் மேல். வாசலில் ஒரு மந்திரம் செய்து காட்டினால் உள்ளே விடுவார்கள். அதன்பிறகு நான் பெரும்பாலும் கோடாலியைச் சுழற்றிக்கொண்டே போய்த் தலைமை மந்திரவாதி நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் கும்பகோணத்துக் கல்லூரிகளில் அட்டெண்டன்ஸாவது கேட்பார்கள்.

இதில் ஒரு பகுதி தெரிந்தே செய்தது. ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டா கம்பெனி 'ரேடியன்ட்' என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. யார் அனுப்புகிறார், எந்தக் குகை, எந்தச் சாமான் என்ற கட்டங்களை கேமே நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பினால் வேலை தீரவே தீராது. ஆனால் தீராத வேலை என்பதைப் பெருமையாகச் சொல்வது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. முனிசிபாலிட்டி குழாயடியிலும் வேலை தீராதுதான்.

அதற்காக 'போய் எடுத்து வா' என்கிற வேலையையே பழிக்க மாட்டேன். விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். மந்திரவாதி ராஜாவிடம் சொன்னது ஒரே வரி: முருங்கை மரத்தில் தொங்குவதை இறக்கி என்னிடம் கொண்டு வா. கேம் பாஷையில் இப்படி ஏவும் வேலைக்கு குவெஸ்ட் என்று பெயர், இது படு மட்டமான குவெஸ்ட். அதையே இருபது முறைக்கு மேல் செய்கிறான். ஆனாலும் நாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். ஏன்? தோளில் கிடக்கும் பிணம் வழியெல்லாம் கதை சொல்லி, கடைசியில் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் பிணம் மரத்துக்கே திரும்பிவிடும். அவன் தோளில் பாரம் இருந்தது தம்பி. ஸ்கைரிமில் நாம் மூட்டை மூட்டையாகச் சுமக்கிறோம். அதில் ஒரு சாமானும் வாய் திறப்பதில்லை.

நான் எந்த குவெஸ்டை முடித்தாலும் ஒன்று பார்ப்பேன். இதை நான் செய்யாமலே விட்டிருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும்? பெரும்பாலும் அச்சு மாறாமல் இப்படியேதான். உங்களுக்குச் சப்பென்று பட்டது அதுதான் என்பது என் ஊகம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஸ்கைரிமில் மார்த்தல் என்று ஒரு சதுப்பு நிலத்துக் குக்கிராமம் உண்டு. நீங்கள் இன்னும் போகவில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அங்கே ஒரு வீடு எரிந்து கிடக்கும். தாயும் மகளும் உள்ளேயே எரிந்து செத்துவிட்டார்கள். புருஷன் ஒருநாள்கூடக் காத்திராமல் இன்னொருத்தி வீட்டுக்குக் குடிபோய்விட்டான். ஊரே முணுமுணுக்கிறது. எரிந்த வீட்டுக்குள் போனால் சின்னப்பெண்ணின் ஆவி, ஹெல்கி என்று பெயர், கண்ணாமூச்சி ஆடலாமா என்று கேட்கிறது. அவள் ஒளிந்திருக்கும் இடம் அவளுடைய சவப்பெட்டி. ராத்திரிக்குத்தான் தேட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கியபிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு அதை ஆடினேன். பெட்டிக்குள்ளிருந்து அந்தக் குரல் பேசியதும் எழுந்து போய் ஹாலில் லைட் போட்டேன். அந்த குவெஸ்டையும் பிரித்து வைத்தால் இங்கே போ, அங்கே தோண்டு, கடைசியில் குகைக்குப் போய் ரத்தக்காட்டேரியை அடி, அவ்வளவுதான். எலும்பு அதே எலும்பு. சமைத்தவர் வேறு.

திருநெல்வேலி: உலகம் பெரிதாகப் பெரிதாக குவெஸ்ட் மெலிந்துபோகிறது என்பது என் கட்சி. சரியா?

முக்கால்வாசி சரி. 1996ல் டேகர்ஃபால் வந்தது, ஸ்கைரிமுக்கு முப்பாட்டன். அதன் உலகம் சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடப் பெரிது. ஊர்களும் குகைகளுமாக ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உருவாக்கியவை. வேலைகளும் அப்படியே: ஒரு அச்சு, அதில் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் மாறும். நாலு நாள் ஆடினால் அச்சு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடுத்து 2002ல் மாரோவிண்ட் செய்தபோது உலகத்தை ஒரு தீவாகச் சுருக்கி, கையால் கட்டினார்கள். குவெஸ்ட் உடனே சதை பிடித்தது.

ஆனால் பரப்பளவு மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். மாரோவிண்டில் பெரும்பாலும் எழுத்துதான். ஒரு கதாபாத்திரம் இரண்டு பக்கம் பேசினாலும் செலவு இல்லை. அதற்கு அடுத்த ஆப்லிவியனில், 2006ல், எல்லா வசனத்தையும் குரல் கொடுத்துப் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோவில் ஒவ்வொரு வரிக்கும் காசு. ஸ்கைரிமில் எழுபதுக்கு மேற்பட்ட குரல் நடிகர்கள், 60,000 வரிக்கு மேல் என்று அவர்களே சொன்னார்கள். கேட்கப் பெரிய எண்ணிக்கை. அதை அத்தனை கிராமத்துக்கும் பங்கு போட்டால், ஆளுக்கு ஒரு 'வாங்க', ஒரு 'போங்க', நடுவில் ஒரு வேலை. வழி கேட்டால் சொல்ல வாயில்லை.

பெரம்பூர்: சார், மேப்பில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கரை அணைத்துவிட்டு ஆடு, ஆழம் தானாக வரும் என்கிறான் நண்பன். முயன்றேன். மூன்று மணி நேரம் சும்மா சுற்றினேன்.

உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் ஸ்கைரிமுக்குப் பொருந்தாது. மார்க்கர் இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதப்பட்ட வசனம் அது. 'அவன் இன்ன கோட்டையில் இருக்கிறான்' என்பதோடு முடிந்துவிடும். கோட்டை எந்தத் திசை என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மார்க்கரை அணைப்பது, வழி சொல்லாத ஊரில் கண்ணையும் கட்டிக்கொள்வது மாதிரி.

மாரோவிண்டில் மார்க்கரே கிடையாது. 2004லிருந்து ஆறு வருஷம் நான் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு சிஸ்டம், பிளைவுட் தடுப்பு, மணிக்கு இருபது ரூபாய். பகலெல்லாம் பையன்கள் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் கத்துவார்கள். பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைசி சிஸ்டத்தில் உட்கார்ந்து மாரோவிண்ட் ஆடுவேன். பென்டியம் 4, ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹாண்ட் கிராபிக்ஸ் கார்டு. யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று கஸ்டமர் ரிஜிஸ்டர் ஒன்று வைத்திருப்போம் இல்லையா, அதன் கடைசிப் பக்கங்களில்தான் என் குறிப்புகள்.

பால்மோரா ஊரில் ஒருத்தர் பழைய இயந்திரப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்பார். ஆர்க்ந்தாண்ட் என்கிற இடிபாட்டில் இருக்கிறது. வழியை வாயால் சொல்வார்கள்: ஊருக்குத் தென்கிழக்கே மூன்மாத் கோட்டை, அங்கிருந்து கிழக்கே, எரிமலைப் பள்ளத்துக்கு மேலே ஒரு பழைய பாலம், தாண்டினால் இடிபாடு. எழுதிக்கொண்டேன், போனேன், பாலத்தைக் கண்டுபிடிக்காமல் பள்ளத்துக்குள் இறங்கி, பூச்சியிடம் கடிபட்டுச் செத்தேன். இரண்டாம் நாள் பாலம் கிடைத்தது, கதவு திறக்கவில்லை. பக்கத்தில் குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். மூன்றாம் நாள் உள்ளே போனால் கரண்ட் போனது, சேவ் பண்ணவில்லை. நாலாம் நாள் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது, அலமாரியில் தூசியோடு தூசியாகக் கிடந்த கைப்பிடியளவுச் சனியன் அது. கத்தியேவிட்டேன். பக்கத்து டீக்கடை மாஸ்டர் ஷட்டருக்கு அடியில் குனிந்து 'என்னாச்சு சார்' என்றார்.

இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வழி எனக்குத் தெரியும். ஸ்கைரிமில் இருநூறு மணி நேரம் சுற்றியவன் நான். அம்புக்குறி இல்லாமல் ஒரு குகைக்கு வழி சொல்லச் சொன்னால் முழிப்பேன்.

ஆனால் அந்தக் காலத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் மாட்டேன். மாரோவிண்டின் டைரி, நடந்ததையெல்லாம் தேதிவாரியாக ஒரே ஓட்டமாக எழுதிக்கொண்டே போகும். எந்த வரி எந்த வேலைக்கு என்று தேடி மாளாது. வேலைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி டிரைப்யூனல் என்ற இணைப்பு வந்தபிறகுதான் கிடைத்தது. சில இடங்களில் சொன்ன திசையே தப்பு. கஷ்டம் வேறு, ஆழம் வேறு. முதல் ஊர் செய்டா நீனில் ஒரு வேலை உண்டு, அதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஃபார்கோத் என்ற குள்ளமான ஆள் காசை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறான், கண்டுபிடி என்கிறான் ஒரு படைவீரன். ராத்திரி கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறி நின்று, அவன் அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்துச் சேற்றுக்குள் நடந்துபோவதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சண்டை இல்லை. முன்பு நீங்கள் அவனுடைய தொலைந்த மோதிரத்தை நல்ல மனதோடு திருப்பிக் கொடுத்திருந்தால், அந்தக் குட்டைக்குள் காசோடு அந்த மோதிரமும் இருக்கும். கையில் எடுத்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திருடுவது என்னவோ நிஜத் திருட்டு மாதிரி.

திண்டுக்கல்: விட்சர் 3 ஒன்று போதும். மற்றதெல்லாம் குப்பை. ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?

பாதிக்கு மேல் ஒத்துக்கொள்வேன், முழுக்க மாட்டேன். (கதை சொல்லப்போகிறேன், ஆடாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போங்கள்.)

2015 மே மாதம் போலந்திலிருந்து சிடி ப்ராஜெக்ட் ரெட் அதை வெளியிட்டது. வெலன் என்ற போரில் நாசமான பகுதியில் ஒரு பேரன் (ஆங்கிலத்து baron, பிரபு) கோட்டையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான். நம் நாயகன் கெரால்ட் தேடும் பெண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் காணாமல்போன என் பெண்டாட்டியையும் மகளையும் கண்டுபிடி என்கிறான். பழைய குவெஸ்ட்தான், ஆளைத் தேடு. தேடத் தேட அந்த வீட்டின் கோலம் தெரிகிறது. இவன் குடிகாரன். அடித்திருக்கிறான். வயிற்றுப்பிள்ளை கலைந்திருக்கிறது. அதைச் சடங்கு இல்லாமல் புதைத்ததால் அது ஒரு கோரமான பிசாசாக எழுந்து அலைகிறது.

அதை வெட்டிப் போட்டுவிடலாம். இல்லையென்றால் பேரனே அதைக் கையில் ஏந்திக்கொண்டு, மழையில், கோட்டை வாசல்வரை நடந்து வந்து, வாசற்படியில் குழி தோண்டி, அதற்குப் பெயர் வைத்து அடக்கம் செய்ய வேண்டும். டேயா என்று பெயர் வைக்கிறான். நான் இதை ஆடியது என் மகள் பிறந்து நாலு வருஷம் ஆனபிறகு. எங்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. பெயர் வைக்கவும் இல்லை. நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

தொழில்நுட்பமாக இன்னொன்று சொல்லலாம். அதே பகுதியில் ஒரு குன்றுக்கடியில், மரத்துக்குள் ஓர் ஆவி அடைபட்டிருக்கும். விடுவிக்கலாம், கொல்லலாம். முடிவெடுக்கும்போது அது தனி வேலை மாதிரித்தான் தெரியும். விடுவித்தால் அநாதைப் பிள்ளைகள் சிலர் பிழைப்பார்கள். ஆனால் ஒரு கிராமம் அழியும், பேரனின் மனைவி சாவாள், அவன் தூக்கில் தொங்குவான். கொன்றால் பிள்ளைகள் போய்விடும், அவள் சித்தம் கலங்கி உயிரோடிருப்பாள், அவன் அவளை மலைப்பக்கம் வைத்தியத்துக்கு அழைத்துப்போவான். இது உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் கணக்கு வரும். அதற்குள் பழைய சேவுக்குத் திரும்பிப் போகவும் மனசு வராது. நல்லது கெட்டது என்று இரண்டு பட்டன் வைத்து, அமுக்கியதும் பாயிண்ட் கொடுக்கும் கேம்களுக்கு இது எட்டாத தூரம்.

எங்கே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால், அதே விட்சர் 3ல் ஸ்கெலிகே கடல் முழுக்க மேப்பில் கேள்விக்குறிகள் மிதக்கும். படகில் போய்ப் போய்க் கடத்தல்காரர் பெட்டிகளை எடுக்க வேண்டும். பறக்கும் ஜந்துக்கள் படகை உடைக்கும். ஐம்பது எடுத்தபிறகு நான் என்னையே கேட்டுக்கொண்டேன், உனக்கு என்ன வந்தது என்று. அதோடு அந்த 'விட்சர் கண்'. பாதி குவெஸ்டில் சிவப்பாக மின்னும் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் வேலை. துப்புத் துலக்குவது கெரால்ட், நாம் பின்னாலேயே போகிற ஆள். வசனம் அவ்வளவு நன்றாக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

அந்த கேமில் எனக்குப் பிடித்த சின்ன வேலை எது தெரியுமா? ஆரம்ப ஊரில் ஒரு பாட்டி வாணலி கேட்பாள். யாரோ இரவல் வாங்கிப் போய்ப் பூட்டிய குடிசைக்குள் கிடக்கிறது. கதவை உடைத்துப் போனால் உள்ளே ஒரு பிணம், கடிதங்கள், ஏதோ உளவு சமாச்சாரம். வாணலி பளபளவென்று இருக்கிறது. கரியைச் சுரண்டி எழுதும் மை செய்திருக்கிறார்கள். பாட்டிக்கு அந்தச் சமாச்சாரம் எதுவும் வேண்டாம். வாணலி கிடைத்துவிட்டது. என் அம்மாவும் அப்படித்தான்.

நாகர்கோவில்: என் மகன் ஏதோ டிராகன் விளையாட்டில் இருநூறு மணி நேரம் போட்டிருக்கிறானாம். ஆட்டுக்கறி பொறுக்குகிறான், செடி பறிக்கிறான். வீட்டில் கறிவேப்பிலை பறித்து வா என்றால் முகம் சுளிக்கிறான். இது என்ன நியாயம்?

அக்கா, அது அநேகமாக டிராகன் ஏஜ் இன்குவிசிஷன், 2014ல் வந்தது. ஆரம்பத்திலேயே ஹின்டர்லாண்ட்ஸ் என்று ஒரு பெரிய மலைப்பகுதி. அங்கே அகதிகளுக்கு என்று பத்து ஆட்டு இறைச்சி கேட்பார்கள். கதை நடப்பது வேறு இடத்தில். ஆனால் இது தெரியாமல் அங்கேயே வாரக்கணக்கில் செடி பறித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த இடத்தை விட்டுக் கிளம்பு என்று ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. மகனிடம் அதை மட்டும் சொல்லுங்கள்: ஹின்டர்லாண்ட்ஸை விட்டுக் கிளம்பு. உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று அசந்துபோவான். கறிவேப்பிலைக்கு நான் பொறுப்பில்லை.

புதுச்சேரி: போன இதழில் எல்டன் ரிங்கில் குவெஸ்டே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். இது அநியாயம்.

அநியாயம்தான், வாபஸ் வாங்குகிறேன். குவெஸ்ட் பட்டியல் கிடையாது என்று எழுதியிருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்தபோது யார் எங்கே இருக்கிறார் என்றுகூட மேப் காட்டவில்லை. அடுத்த மாதம் வந்த அப்டேட்டில்தான் சந்தித்த ஆட்களுக்கு அடையாளம் போட்டார்கள்.

பரிகாரமாக பாக் பற்றி எழுதுகிறேன். மனிதனுமில்லாத மிருகமுமில்லாத ஓர் அரைப் பிறவி. யாரோ அவனைச் செடியாக மாற்றி விட்டிருக்கிறார்கள். அடித்தால் பழைய உருவம் வரும். அம்மாவுடைய தையல் ஊசியைப் பறிகொடுத்தவன். மீட்டுக் கொடுத்தால் நம்மோடு வந்து துணி தைத்துக் கொடுப்பான், பட்டம் கட்டிக் கூப்பிடுவான். கடைசியில் தன் முகம் அசிங்கம், மறுபிறவி எடுத்து மனிதனாக வேண்டும் என்று கேட்பான். அதற்கான பொருள் நம் பையில் இருக்கும். கேட்டதைக் கொடுத்தேன். எத்தனை கேமில் பழகியிருக்கிறோம், கேட்டதைக் கொடுத்தால் பரிசு. மனிதனானான், கொஞ்ச நேரத்தில் செத்துக் கிடந்தான். அவன் அம்மா அவனை அழகு என்று சொல்வாளாம். எங்கோ மலைக்கிராமத்தில் கிடைக்கும் ஒரு பேசும் மண் தலை, 'நீ அழகாக இருக்கிறாய்' என்று மட்டும் சொல்லும். அதை அவன் முன்னால் பயன்படுத்தியிருந்தால் போதும், ஆசை தணிந்து அப்படியே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருப்பான். எனக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. இதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டார்கள் என்பது அந்த கேமின் குறையா நிறையா என்று எனக்கும் என் மகளுக்கும் இன்னும் சண்டை.

மதுரை: சார், நான் கல்லூரி ஃபைனல் இயர். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆர்பிஜி செய்கிறோம். குவெஸ்ட் எழுதுவது என் பொறுப்பு. எங்கிருந்து கற்றுக்கொள்வது?

மூன்று பேர் என்றால் முதலில் மேப்பைச் சுருக்குங்கள். ஒரு ஊர் போதும். 2002ல் ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் செய்த காத்திக் 2 ஆடிப் பாருங்கள். அந்த ஸ்டூடியோ 2024ல் மூடிவிட்டார்கள், பாவம். அதில் கோரினிஸ் என்ற நகரத்துக்குள் நுழைவதே முதல் குவெஸ்ட். கந்தலோடு போனால் காவலன் விடமாட்டான். விவசாயி உடை போட்டுக்கொண்டு போகலாம். மூலிகை பறித்துக்கொண்டு, மருந்து செய்கிறவருக்குக் கொடுக்க வந்தேன் எனலாம். ஒருத்தனிடம் அனுமதிச் சீட்டு வாங்கலாம், பிற்பாடு அவன் அதற்குக் கணக்குத் தீர்ப்பான். ஒன்றுமே வேண்டாம் என்றால் கடலில் நீந்தி உள்ளே ஏறலாம். உள்ளே போனபிறகு மேல் தெருவுக்குப் போக ஊர்க்காரன் ஆக வேண்டும். அதற்கு யாராவது ஒரு மாஸ்டரிடம் தொழில் கற்கச் சேர வேண்டும். அதற்கு மற்ற மாஸ்டர்களும் சம்மதிக்க வேண்டும். வில் செய்கிறவருக்கு ஓநாய்த் தோல், தச்சருக்கு நீ சாமியிடம் ஆசீர்வாதம் வாங்கி வந்தால் போதும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் எடுபிடி வேலை. சேர்த்துப் பார்த்தால், புது ஊரில் பிழைக்கப் போனவன் நாலு பெரிய மனுஷர்களிடம் நல்ல பெயர் வாங்குகிற கதை. கும்பகோணத்திலிருந்து திருப்பூர் போன என் சித்தப்பா மகனுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, செல்டா பிரெத் ஆஃப் தி வைல்டில் டாரி டவுன் வேலை. 2017ல் வந்தது, நாங்கள் ஆடியது உறவினர் ஒருவர் கொடுத்த இரவல் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில், என் மகள் ஆட நான் பக்கத்தில். ஹட்சன் என்ற கட்டட வேலைக்காரன் ஏரிக்கு நடுவே வெற்றுப் பாறைமேல் ஊர் கட்டப்போகிறேன் என்று தனியாக நிற்கிறான். பத்துக் கட்டு விறகு கேட்கிறான். அப்புறம் இருபது. முப்பது. ஐம்பது. நடுநடுவே, பெயர் 'சன்' என்று முடிகிற ஆளாகப் பார்த்துக் கூட்டி வா என்கிறான், அவர்கள் கம்பெனி விதி அப்படி. பாலைவனத்தில் ஒரு தையல்காரி, மலைமேல் ஒரு பறவைக்காரன், ஆற்றுக்குள் ஒரு பெரியவர். ஆட்டுக்கறி பத்துக்கும் விறகு நூற்றுப் பத்துக்கும் தொழில் முறையில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்தப் பாறைமேல் ஒரு வீடு கூடியிருக்கும், ஒரு கடை திறந்திருக்கும். கடைசியில் ஹட்சனுக்கும் தையல்காரிக்கும் கல்யாணம். மகள் என்னைத் தட்டி, 'அப்பா, நாமதான் பொண்ணு பார்த்தோம்' என்றாள்.

2023ல் அடுத்த பாகம் வந்தது. அந்த ஊருக்குப் போனால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, ஓடி விளையாடுகிறாள், மாட்டிசன் என்று பெயர். 'சன்' விட்டுப்போகவில்லை. ஐம்பது கட்டு விறகுக்கு ஆறு வருஷம் கழித்து வட்டி.

ஆகவே வேலையை எழுதுமுன், அது முடிந்த மறுநாள் காலை அந்த ஊரில் என்ன நடக்கும் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றுமே இல்லை என்றால் அந்த வேலையைத் தூக்கிவிடலாம். உங்கள் புரோகிராமர் நண்பர் உங்களுக்குக் காபி வாங்கித் தருவார்.

விருதுநகர்: லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, ராம் 4 ஜிபி. நீங்கள் சொல்வதையெல்லாம் படித்து ஏக்கமாக இருக்கிறது.

ஏங்காதீர்கள், நல்லதெல்லாம் பழையதுதான். டேகர்ஃபால் இப்போது இலவசம். காத்திக் 2 தள்ளுபடிக் காலத்தில் பரோட்டா விலைக்கு வரும். கீபோர்டில் அதை ஆட்டுவிக்கும் முறை விரலை ஒடிக்கும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரோவிண்ட் வாங்கினால் ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச மென்பொருளோடு ஓட்டுங்கள், இன்றைய விண்டோஸில் மக்கர் பண்ணாது. மூன்மாத் கோட்டையைத் தாண்டியதும் பாலம் மேலே இருக்கிறது, பள்ளத்துக்குள் இறங்கிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வேண்டும். செல்போனில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டு இன்னொரு கடிதம் போடாதீர்கள். போட்டால் அடுத்த இதழில் கோபமாகத்தான் பதில் வரும்.